கடாஃபியைக் கவிழ்க்க ஐ.நா. அனுமதி தந்ததா?

"லிபியாவில் கடாஃபியின் ஆட்சியைக் கவிழ்க்க ஐ.நா.வே உத்தரவு போட்டது, இந்தியாவும் கைதூக்கியது" என்ற செய்தி ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

லிபியாவை ஆண்டுவந்த கடாஃபிக்கு எதிராக மக்கள் கிளர்ந்தெழ, அவரது படை அதை ஒடுக்கிக்கொண்டிருந்த நேரம் அது. 2011 மார்ச் 17 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபையில் நிறைவேறியது 1973-ஆம் எண் தீர்மானம். ஆதரவு 10, எதிர்ப்பு யாருமில்லை. வாக்களிக்காமல் ஒதுங்கியவை ஐந்து நாடுகள்: ரஷ்யா, சீனா, இந்தியா, பிரேசில், ஜெர்மனி.

தீர்மானம் முதலில் கேட்டது உடனடிப் போர்நிறுத்தம். பிறகு, விமானங்கள் பறக்கத் தடை. பொதுமக்களைக் காக்க "தேவையான எல்லா நடவடிக்கைகளும்" எடுக்கலாம் என்ற அனுமதியும் இருந்தது. அந்நிய ஆக்கிரமிப்புப் படை எந்த வடிவிலும் லிபிய மண்ணில் இருக்கக்கூடாது என்றும் எழுதியிருந்தது. ஆட்சி மாற்றம் என்ற பேச்சே அதில் இல்லை.

சரி, அப்புறம் எப்படி அங்கே போய் முடிந்தது? அந்த "எல்லா நடவடிக்கைகளும்" என்ற சொற்களை மேற்கு நாடுகள் மிக விரிவாக எடுத்துக்கொண்டன. கடாஃபி ஆட்சியில் இருக்கும் லிபியாவின் எதிர்காலத்தை நினைத்தே பார்க்க முடியாது என்று அன்றைய அமெரிக்க அதிபர் ஒபாமா, பிரிட்டன் பிரதமர் கேமரூன், பிரான்ஸ் அதிபர் சர்கோசி மூவரும் ஏப்ரலிலேயே சேர்ந்து எழுதினார்கள். அக்டோபர் 20 அன்று லிபியாவின் சிர்த் நகரருகே, மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவின் விமானங்கள் கடாஃபியின் வாகன அணியைத் தாக்கின. கிளர்ச்சியாளர்கள் அவரைப் பிடித்தார்கள், அன்றே அவர் இறந்தார். மக்களைக் காக்கத் தொடங்கிய தலையீடு ஆட்சிக் கவிழ்ப்பாக நழுவிவிட்டது என்று பிரிட்டன் நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழுவே 2016-இல் சொன்னது.

தலையீட்டை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் தாராளமாக வாதிடட்டும். ஆனால் தீர்மானத்தில் இல்லாத வரியை அதில் எழுதிச் சேர்க்க வேண்டாம்.