ஒத்துக்கொண்டாலே நியாயக் கூலி ஆகிவிடாது

அண்ணா, 1891இலேயே போப் தனிச்சொத்தை ஆதரித்துவிட்டார், அதனால் முதலாளியும் தொழிலாளியும் பேசி ஒத்துக்கொண்ட கூலி எதுவானாலும் அதுதான் கிறிஸ்தவ அறப்படி நியாயக் கூலி என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி சரி. அந்தப் போப் பதின்மூன்றாம் லியோ, நம்மூரில் சிங்கராயர் என்போமே, அவர் ‘ரேரும் நோவாரும்’ என்ற சுற்றுமடலில், அதாவது திருச்சபைக்குப் போப் எழுதும் கடிதத்தில், தனிச்சொத்தை இயல்பான உரிமை என்றார், சோஷலிசத்தையும் மறுத்தார். ஆனால் நீங்கள் சொல்லும் அதே கூலி வாதத்தை அந்த மடலிலேயே எடுத்து வைத்து, அது போதாது என்கிறார். ஒப்பந்தத்துக்கும் மேலே இயற்கை நீதி இருக்கிறது, சிக்கனமாக வாழும் தொழிலாளி பிழைக்கக் கூலி போதவேண்டும், வேறு வழியில்லாமல் அதற்குக் குறைவாக ஒருவர் ஒத்துக்கொண்டால் அவர் வன்முறைக்கும் அநீதிக்கும் ஆளானவர், இதுதான் அவர் சொன்னது.

இங்கே தாராவியில் எங்கள் பக்கத்து வீட்டு மாமா தோல் பை தைக்கிறார். ஒரு பைக்கு இவ்வளவுதான் என்று சேட் சொன்னதும் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையாட்டுவார், ஏனென்றால் ஐந்தாம் தேதி அறை வாடகை கட்டவேண்டும். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, லியோவும் அப்படிச் சொல்லவில்லை.

அப்புறம் சொத்து விஷயம். அந்த மடல் மேற்கோள் காட்டும் இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், பொருளை வைத்திருக்க உரிமை உண்டு, ஆனால் பயன்படுத்தும்போது அதை எல்லோருக்கும் பொதுவாகக் கருதித் தேவையில் இருப்பவரோடு பகிரவேண்டும் என்றவர். 1931இல் போப் பதினோராம் பயஸ், கூலி தொழிலாளியின் குடும்பத்துக்கும் போதவேண்டும் என்று எழுதினார். மடலின் அந்தப் பாதியையும் படித்துவிட்டு வாருங்கள் அண்ணா, பேசலாம்.