ஜூலியனை நம்பி மோசம் போகாதீர்கள்

அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானரின் 'எவ்ரிதிங் தட் ரைசஸ் மஸ்ட் கன்வர்ஜ்' கதையைப் படித்துவிட்டு, "அம்மாக்காரிதான் நிறவெறி பிடித்தவள், மகன் பரவாயில்லை" என்று சொல்பவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு.

கதை வெளிவந்தது 1961இல். அமெரிக்கத் தென்பகுதியில் கறுப்பரும் வெள்ளையரும் பஸ்ஸில் ஒன்றாக உட்காரலாம் என்று ஆன காலம். அப்படிப்பட்ட பஸ்ஸில் இரவு தனியாக ஏற மாட்டாள் அம்மா. துணைக்கு மகன் ஜூலியன்: கல்லூரி முடித்தவன், எழுத்தாளனாகும் ஆசை, பிழைப்புக்குத் தட்டச்சுப் பொறி விற்கிறான். அம்மா, மகனின் கொள்ளுத்தாத்தாவிடம் இருநூறு அடிமைகள் இருந்ததை வாய்விட்டுப் பெருமை பேசுவாள். அவளுடைய நிறவெறியைக் கண்டுகொள்ள வாசகருக்கு ஒரு சிரமமும் இல்லை.

மகனைக் கண்டுகொள்வது அவ்வளவு எளிதில்லை. கதை முழுக்க அவன் மனசுக்குள்ளிருந்தே சொல்லப்படுவதால், அவன் நினைப்பதை ஆசிரியரின் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்கிறோம். இரண்டாம் வாசிப்பில் ஒரு பென்சிலை எடுத்து அவன் எண்ணங்களை எல்லாம் அடைப்புக்குள் போட்டுவிட்டு, செய்கைகளை மட்டும் படியுங்கள். அம்மாவை வெறுப்பேற்ற டையைக் கழற்றுகிறான். பெட்டியும் செய்தித்தாளுமாக ஏறிய கறுப்பர் பக்கத்தில் போய் உட்கார்ந்து தீப்பெட்டி கேட்கிறான். கையில் சிகரெட் கிடையாது. பஸ்ஸில் புகைக்கவும் கூடாது. வாங்கிய தீப்பெட்டியை அசடு வழியத் திருப்பிக் கொடுக்கிறான். அந்த மனிதர் எரிச்சலோடு ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேப்பரை உயர்த்திக்கொள்கிறார். ஜூலியனுக்கு அவர் ஒரு மனிதரே இல்லை, அம்மாவை அடிக்க எடுத்த கம்பு.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவன் பழகப் பார்ப்பதெல்லாம் பேராசிரியர், பாதிரியார், வக்கீல் போலத் தெரிகிற கறுப்பர்களிடம்தான். அழிந்துபோன பண்ணை மாளிகையை வாயால் இகழ்வான், மனசுக்குள் ஏங்குவான். அதன் அருமை தெரிந்தவன் தான் ஒருவனே என்றும் நினைப்பான்.

தொப்பி விஷயம் கன்னியாகுமரி வாசகருக்குக் கூடுதலாகவே உறைக்க வேண்டும். அம்மா போட்டிருக்கும் அதே தொப்பியோடு ஒரு கறுப்பினப் பெண் பஸ்ஸில் ஏறுகிறாள். நம் மண்ணில் தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859இல் திருவிதாங்கூர் மகாராஜா விட்ட அறிவிப்பு என்ன சொன்னது? நாடார் பெண்கள் மேலாடை அணியலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் கூடாது. உடுப்பதைவிட ஒரே மாதிரி உடுப்பதுதான் மேல்சாதிக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. ஜூலியனோ அந்தத் தொப்பியைப் பார்த்து, அம்மாவுக்கு நல்ல பாடம் என்று பூரிக்கிறான். அந்தப் பெண்ணுக்கு அங்கே என்ன நேர்கிறது என்பதில் அவனுக்கு அக்கறையே இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா அந்தப் பெண்ணின் பிள்ளைக்கு ஒரு பென்னிக் காசை நீட்டி, அவளிடம் அடி வாங்கித் தரையில் உட்கார்ந்திருக்கும்போதும் அவன் உபதேசம்தான் செய்கிறான்.

இங்கே சாதியை வைத்து இப்படி ஒரு பாத்திரத்தை எழுதுகிறவர்கள் வழுக்குவது இரண்டு இடத்தில். "எனக்குச் சாதியே கிடையாது" என்றவனை அடுத்த பக்கத்திலேயே "நீங்க என்ன ஆளு?" என்று கேட்க வைக்கிறார்கள்; அவன் அவ்வளவு மடையனாக இருக்க மாட்டான். இல்லாவிட்டால் கடைசியில் அழவைத்துத் திருத்திவிடுகிறார்கள். வேறு மாதிரி எழுதிப் பாருங்கள். நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்ட் டீக்கடை. கட்டட வேலைக்கு வந்த ஒடிசாக்காரருக்கு அவன் டீ வாங்கிக் கொடுக்கட்டும், தோளில் கைபோட்டுப் பேசட்டும். பேர் மட்டும் கேட்க வேண்டாம். கூட வந்தவன் பார்த்தானா என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்கட்டும்.