'எல்லாம் நார்மல்' என்ற ஆறுதல்

ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் நம் கண் முதலில் தேடுவது, ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பு அளவைத்தான். நம் எண் அதற்குள் அடங்கிவிட்டால், 'எல்லாம் நார்மல்' என்று தாளை மடித்து வைத்துவிட்டு, அதுவரை எப்படி உண்டோமோ, எப்படி உறங்கினோமோ அப்படியே தொடர்கிறோம். இன்றைக்குத் தென்படாத பாதிப்பை இல்லவே இல்லாத பாதிப்பாக எண்ணிக்கொள்வதுதான், உடல்நலம் குறித்து நம்மிடையே உள்ள குழப்பங்களில் பெரியது என்று நான் கருதுகிறேன்.

கொரியப் போரில் உயிரிழந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை ஆராய்ந்த மருத்துவர்கள் 1953இல் வெளியிட்ட அறிக்கையை இங்கே நினைவுபடுத்த வேண்டும். அவ்வீரர்களின் சராசரி வயது 22. அத்தனை பேரும் போர்முனைக்கு அனுப்பத் தக்க உடல்தகுதி உடையவர்கள் என்று சான்று பெற்றவர்கள். ஆயினும், அவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோரின் இதயத் தமனிகளில் லேசான தடிப்பு முதல் கடுமையான அடைப்பு வரை ஏதேனும் ஒரு மாற்றம் காணப்பட்டது. ஐம்பது வயதில் 'திடீரென்று' வந்ததாக நாம் சொல்லும் மாரடைப்பு, பெரும்பாலும் முப்பது ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த ஒன்றுதான்.

நீரிழிவின் கதையும் இத்தகையதே. ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலினுக்குத் தசையும் கல்லீரலும் சரிவரச் செவிசாய்க்காத நிலை உருவாகும்போது, கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. அதனால், உடலுக்குள் சுமை ஏறிக்கொண்டே போகும் பல ஆண்டுகளிலும் வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரை அளவு ஒழுங்காகவே இருக்கும். கணையத்தால் இனி ஈடுகொடுக்க முடியாது என்ற கட்டத்தில்தான் அந்த எண் எல்லையைத் தாண்டுகிறது; நாமோ, நோய் அன்றைக்குத்தான் தொடங்கியது என்று நம்புகிறோம்.

பாதிப்பு இவ்வளவு மெதுவாகச் சேர்வதால், அதை உண்டாக்குவதும் தடுப்பதும் நாம் யோசிக்காமலே நாள்தோறும் செய்பவைதாம். விருந்தில் ஒருநாள் மிகுதியாக உண்டதற்காக வருந்துபவர்களையும், பத்து நாள் பட்டினி கிடந்து எடை குறைத்ததைப் பெருமையாகச் சொல்பவர்களையும் பார்க்கும்போது, இருவரும் தேவையில்லாத இடத்தில் கவனம் வைத்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

லண்டன் பேருந்து ஊழியர்களைப் பற்றி ஜெர்ரி மோரிஸ் 1953இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஒரே பேருந்தில் பணிபுரிந்தவர்களிலும், நாள் முழுவதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஓயாமல் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. ஓட்டுநர்கள் பணியில் சேரும்போதே சற்றுப் பருமனாக இருந்திருக்கலாம் என்ற ஐயத்தை, அவர்களுக்குத் தைக்கப்பட்ட சீருடைகளின் இடுப்பளவை வைத்துப் பின்னர் அவரே ஆராய்ந்தார் என்பதும், அந்த ஐயத்தில் ஓரளவு உண்மை இருந்தது என்பதும் தனிக் கதை. ஆனால், பிற்காலத்தில் வந்த ஏராளமான ஆய்வுகள் அவருடைய அடிப்படைக் கருத்தை உறுதிசெய்துவிட்டன. அந்த நடத்துநர்கள் உடற்பயிற்சிக்கென்று தனியே நேரம் ஒதுக்கியவர்கள் அல்லர். அவர்களுடைய வேலைக்குள்ளேயே உடலசைவு இருந்தது. நம்மில் பலருடைய வேலையிலிருந்து அது முற்றிலும் நீங்கிவிட்டது.

உணவில் இதற்கு இணையான மாற்றம், ஆலைகளில் பெரிதும் பதப்படுத்தப்பட்ட உணவுகளின் பெருக்கம். கெவின் ஹால் தலைமையில் அமெரிக்காவில் நடந்து 2019இல் வெளியான ஒரு சிறு பரிசோதனையில், 20 பேருக்கு இரண்டு வாரம் அத்தகைய உணவும், இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தப்படாத உணவும் தரப்பட்டன. பரிமாறப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஆகியவை இரண்டிலும் ஏறத்தாழச் சமம். எவ்வளவு உண்பது என்பது அவரவர் விருப்பம். பதப்படுத்தப்பட்ட உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக, அதுவும் வேகமாக, உண்டார்கள். அதே மனிதர்கள், அதே மனவுறுதி. மாறியது தட்டில் இருந்தது மட்டுமே. இதைப் படித்த பிறகு, எடை கூடியவர்களைப் பார்த்து 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று சொல்வது எனக்கு அறியாமையாகவே படுகிறது. பரம்பரைக் கூறுகளின் பங்கும் சிறியதன்று. எல்லாவற்றையும் முறையாகச் செய்தவர்களும் நோயுறுகிறார்கள். நோயாளியின் படுக்கையருகே அமர்ந்து அவருடைய உணவுப் பழக்கத்தை விசாரணை செய்யும் உறவினர்கள் இதைக் கருத்தில் கொள்ளலாம்.

தனிமனித உறுதியை மட்டும் நம்பாமல் சூழலையே மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு ஃபின்லாந்தின் வடக்குக் கரேலியா சான்றாக இருக்கிறது. இதய நோய் இறப்புகள் மிக அதிகமாக இருந்த அந்தப் பகுதியில் 1972இல் பெக்கா புஸ்கா தலைமையில் தொடங்கிய திட்டம், மருத்துவமனைகளோடு நில்லாமல் பள்ளிகளையும் பெண்கள் அமைப்புகளையும் உணவு உற்பத்தியாளர்களையும் சேர்த்துக்கொண்டது. வெண்ணெய், உப்பு, புகையிலை ஆகியவற்றின் பயன்பாடு குறைந்தது, காய்கறிகள் கூடின. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களிடையே இதயத் தமனி நோயால் நேரும் இறப்பு விகிதம் 80 விழுக்காட்டுக்கும் மேலாகக் குறைந்தது.

'இவையெல்லாம் இளைஞர்களுக்குச் சரி, எனக்குக் காலம் கடந்துவிட்டது' என்பவர்களுக்கும் தெளிவான பதில் உண்டு. சீனாவின் தாச்சிங் நகரில் 1986இல் தொடங்கிய ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஆறு ஆண்டுகள் உணவையோ உடலுழைப்பையோ இரண்டையுமோ திருத்திக்கொண்டார்கள்; மற்றவர்கள் வழக்கம்போல் விடப்பட்டார்கள். முப்பது ஆண்டுகள் கழித்துக் கணக்கிட்டபோது, வழக்கம்போல் விடப்பட்டவர்களைவிட அவர்களுக்கு நீரிழிவு சுமார் நான்கு ஆண்டுகள் தாமதமாகவே வந்திருந்தது; ஆயுளும் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கூடியிருந்தது. கேட்பதற்குச் சிறிதாக இருக்கலாம். ஆனால், கண் பழுதாவது போன்ற சிக்கல்கள் தள்ளிப்போன ஆண்டுகளையும் அதனுடன் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும்.

புகைப்பழக்கத்தில் இந்தக் கணக்கு இன்னும் துல்லியமானது. பிரிட்டனின் ஆண் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டால் குழுவினர் 2004இல் வெளியிட்ட முடிவின்படி, விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகச் சுமார் 10 ஆண்டு ஆயுளை இழந்தார்கள். 30 வயதில் விட்டவர்கள் அந்த இழப்பை ஏறக்குறைய முழுவதுமாகத் தவிர்த்தார்கள். 40இல் விட்டவர்கள் 9 ஆண்டுகளையும், 50இல் விட்டவர்கள் 6 ஆண்டுகளையும், 60இல் விட்டவர்கள்கூட 3 ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டார்கள்.