பெற்றோருக்கு அமெரிக்க டிக்கெட் போடுகிறவர்களுக்கு: விலைக்கு முன்னால் விமானத்தைப் பாருங்கள்

சான் பிரான்சிஸ்கோவிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கும் பிள்ளைகள் சென்னையிலிருந்து அம்மா அப்பாவை அழைக்கும்போது பெரும்பாலும் செய்வது இதுதான்: தேதியைப் போடுவது, விலை குறைந்ததை மேலே கொண்டுவருவது, கேள்விப்பட்ட ஏர்லைன் பெயர் ஒன்று கண்ணில் பட்டதும் பணம் கட்டிவிடுவது. மூட்டுவலியோடு ஒரு முழு நாளை விமானத்திலும் விமான நிலையத்திலும் கழிக்கப் போகிற அறுபத்தைந்து வயதுக்காரருக்கு இப்படி டிக்கெட் போடுவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. எகானமியில் சொகுசு கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏறக்குறைய ஒரே விலையில் கிடைக்கும் இரண்டு எகானமி சீட்டுகளுக்கு நடுவே பெரிய வித்தியாசம் இருக்க முடியும். அதைப் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளவும் முடியும்.

ஏர்லைன் பெயரைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது விமானத்தின் வகையும், ஒரு வரிசையில் எத்தனை பேரை உட்கார வைக்கிறார்கள் என்பதும்.

போயிங் 777-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு பல நிறுவனங்கள் அதில் 3-3-3 என்று வரிசைக்கு ஒன்பது சீட் வைத்திருந்தன. இப்போது பெரும்பாலானவை 3-4-3 என்று பத்து வைக்கின்றன. விமானத்தின் உடல் அகலம் மாறவில்லை. ஒன்பது சீட் இருந்தால் ஒவ்வொன்றும் சுமார் 18 அங்குலத்துக்கு மேல் வரும். பத்து என்றால் 17 அங்குலம்தான். எமிரேட்ஸ், கத்தார் 777-களில் பத்து. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 777-300ஈஆர்-இல் இன்னும் ஒன்பது. ஒரு அங்குலம்தானே என்று தோன்றும். பக்கத்தில் இருப்பவரின் தோளும் முழங்கையும் பதினைந்து மணி நேரம் உங்கள் மேல் படுமா படாதா என்பதை அந்த ஒரு அங்குலம்தான் தீர்மானிக்கிறது.

787 ட்ரீம்லைனரின் கதையும் இதேதான். எட்டு சீட் வசதியாகப் பொருந்தும் அகலத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் ஒன்பதைத் திணித்துவிட்டார்கள், அதனால் அங்கேயும் சுமார் 17 அங்குலம்தான். ஜப்பான் ஏர்லைன்ஸ் மட்டும் தன் சர்வதேச 787-களில் 2-4-2 என்று எட்டோடு நிறுத்திக்கொண்டது. ஏர்பஸ் ஏ350-இல் ஒன்பது சீட் என்றால் சுமார் 18 அங்குலம். ஏ330-இல் 2-4-2, அதுவும் 18. கணவன் மனைவி இருவர் மட்டும் போகும்போது ஜன்னல் பக்கத்து ஜோடி சீட் அவர்களுக்கே கிடைக்கும், மூன்றாவது ஆள் தொந்தரவு இல்லை. ஏ380-இன் கீழ்த்தளத்திலும் 3-4-3தான், ஆனால் அந்த விமானம் அகலமானது என்பதால் சீட் 18 அங்குலத்துக்குக் குறையாது. ஆகவே 3-4-3 என்று பார்த்ததும் ஒதுக்கிவிடாதீர்கள், எந்த விமானத்தில் 3-4-3 என்று பாருங்கள். துபாயிலிருந்து அமெரிக்கா போகும் எமிரேட்ஸ் விமானங்களில் சில ஏ380, சில 777. ஒரே நிறுவனம், ஒரே சாப்பாடு, சில நாட்களில் ஒரே கட்டணமும்கூட. தெரிந்தவர்கள் ஏ380-ஐ எடுப்பார்கள்.

வரிசைகளுக்கு நடுவே சொல்லப்படும் 31, 32 அங்குலத்தை முழுவதுமாக நம்ப வேண்டாம். அது ஒரு சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து முன் சீட்டின் அதே புள்ளி வரையிலான தூரம். முன் சீட்டின் முதுகுத் தடிமனும் அதற்குள்தான் வருகிறது. மெல்லிய சீட்டில் 31 அங்குலம் கால் நீட்டப் போதும், ஆனால் குஷன் குறைவதால் ஆறு மணி நேரத்தில் இடுப்பு வலிக்கும்.

இன்னொன்று காற்று. பழைய வடிவமைப்பு விமானங்களில் கேபின் அழுத்தம் சுமார் 8000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். 787, ஏ350 இரண்டிலும் அது சுமார் 6000 அடி, ஈரப்பதமும் கொஞ்சம் கூடுதல். தலைவலியும் தொண்டை வறட்சியும் குறைய வாய்ப்புண்டு. அகலத்தையும் காற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்பது சீட் ஏ350-க்குத்தான் என் ஓட்டு.

இதையெல்லாம் எங்கே பார்ப்பது? கூகுள் ஃப்ளைட்ஸில் ஒவ்வொரு பயணத்தையும் விரித்தால் விமான வகையும் கால் இடமும் தெரியும். 'இயக்குவது இன்ன நிறுவனம்' என்று சின்ன எழுத்தில் இருக்கும் வரியைத் தவறவிடாதீர்கள். கோட்ஷேர் டிக்கெட்டில் நம்பர் ஒருவருடையது, விமானம் வேறொருவருடையது. சீட் அமைப்புக்கு ஏரோலோபா தளத்தில் அந்த நிறுவனத்தின் அந்த விமானத்தைத் தேடுங்கள். ஜன்னல் இல்லாத ஜன்னல் சீட்கூட அதில் தெரியும். ஃப்ளைட்ரேடார்24-இல் அந்த விமான எண்ணைப் போட்டால் கடந்த ஒரு வாரம் எந்த விமானம் பறந்தது, எத்தனை நாள் தாமதம் என்று காட்டும். ஒன்றரை மணி நேரக் கனெக்‌ஷனை நம்பலாமா என்று அப்போதுதான் தெரியும்.

அடுத்தது, மொத்த நேரத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்பது. சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு வளைகுடா வழியாகப் போனால் முதல் கட்டம் நாலு மணி நேரம் சொச்சம், அடுத்தது 14 முதல் 16 மணி நேரம். லண்டன் அல்லது ஃப்ராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் சுமார் பத்து பதினொன்று, பிறகு கிழக்குக் கரைக்கு எட்டு, மேற்குக் கரைக்குப் பதினொன்று. நியூயார்க், பாஸ்டன் போகிற வயதானவர்களுக்கு ஐரோப்பா வழியையே நான் சொல்வேன்: இரண்டு கட்டமும் தாங்கக்கூடியவை, நடுவில் எழுந்து நடக்கலாம். மேற்குக் கரைக்கு சிங்கப்பூர் வழியும் நல்லது, ஆனால் இரண்டாம் கட்டம் போகும்போது சுமார் 15 மணி நேரம், திரும்பும்போது எதிர்க்காற்றால் 17 மணி நேரத்தை நெருங்கும். திரும்பி வருவதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். (உலகின் மிக நீண்ட பயணமான சிங்கப்பூர்–நியூயார்க் விமானத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எகானமியே வைக்கவில்லை. 18 மணி நேரம் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும்.)

வளைகுடா வழிதான் என்றால் அபுதாபியில் ஒரு வசதி இருக்கிறது. அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் இறங்கியதும் நீண்ட வரிசையில் நிற்காமல் உள்நாட்டுப் பயணி போல வெளியே வரலாம். அந்தச் சோதனைக்கு நேரம் பிடிக்கும் என்பதால் மூன்று மணி நேரமாவது இடைவெளி வையுங்கள். மற்ற வழிகளில் போய் அமெரிக்காவுக்குள் இன்னொரு விமானம் மாற வேண்டியிருந்தால், பொதுவாக முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டிகளை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதற்கு இரண்டு மணி நேரம் பத்தாது.

லண்டன் வழி என்றால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு டிரான்சிட் விசா விதி உண்டு. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் பொதுவாக விலக்கு கிடைக்கும். விசா முத்திரை காலாவதியான பிறகு ஊர் திரும்பும் மாணவர்கள் இதில் மாட்டிக்கொள்வதுண்டு.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். சென்னை–டெல்லியைத் தனியாக வாங்கி மூவாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிடும்போது யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பெட்டிக் கணக்கும் உதைக்கும்: அமெரிக்க டிக்கெட்டில் வழக்கமாக 23 கிலோவில் இரண்டு பெட்டி, தனியாக வாங்கிய உள்நாட்டு டிக்கெட்டில் பெரும்பாலும் 15 கிலோதான்.

விமானத்துக்குள் எந்த சீட்? 3-4-3 என்றால் நடு நாலில் ஓர ஐல் சீட், அதாவது நடைபாதையை ஒட்டிய சீட். பக்கவாட்டு மூன்றின் ஐலில் உட்கார்ந்தால் இரண்டு பேர் உங்களைத் தாண்டிப் போவார்கள்; நடு நாலில் ஒருவர்தான். 777-இன் கடைசிச் சில வரிசைகளில் உடல் குறுகுவதால் 2-4-2 ஆகிவிடும். தம்பதிகளுக்கு அது அருமையான இடம், கழிப்பறை பக்கத்து இரைச்சலைப் பொறுத்துக்கொண்டால். எமர்ஜென்சி கதவு வரிசையில் கால் நீட்டலாம், ஆனால் சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் இருப்பதால் சீட் குறுகும், கைப்பிடி தூக்க முடியாது, கதவோரம் குளிரும். அவசரத்தில் உதவ முடியாதவர்களுக்கு அந்த வரிசையைத் தரவும் மாட்டார்கள். முன்சுவர் வரிசையில் தொட்டில் மாட்டுவார்கள், குழந்தை அழுகைக்குத் தயாராக இருங்கள். சில சீட்டுகளுக்கு அடியில் திரைக்கான மின்பெட்டி ஒரு காலின் இடத்தை அடைத்திருக்கும், அதையும் வரைபடத்தில் பாருங்கள்.

வீல்சேர் கேட்கக் கூச்சப்படாதீர்கள். குறைந்தது 48 மணி நேரம் முன்பே சொல்லுங்கள், வகையைச் சரியாகச் சொல்லுங்கள். டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் படி ஏறுவார், தூரம் நடக்க முடியாது, டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படியும் ஏற முடியாது. சைவச் சாப்பாட்டுக்கு ஏ.வி.எம்.எல். என்று குறியுங்கள், வி.ஜி.எம்.எல். போட்டால் தயிர்கூட இல்லாத வீகன் உணவு வரும். கோட்ஷேர் என்றால் இயக்கும் நிறுவனத்தின் பி.என்.ஆரை வாங்கி அங்கேயும் சரிபாருங்கள். இந்தக் குறிப்புகள் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகாமல் நின்றுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

கால் நாளங்களில் ரத்தம் உறைந்து கட்டியாவதைப் பற்றிப் பயமுறுத்தவில்லை. 2007-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி, நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து போனால் அபாயம் சுமார் இரு மடங்காகிறது. ஆனாலும் அது ஏறக்குறைய 6000 பேரில் ஒருவருக்குத்தான். மணிக்கொரு முறை எழுந்து நடக்க ஐல் சீட் இதற்காகவும் வேண்டும். அழுத்தக் காலுறையை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

டிக்கெட் போட்டதோடு வேலை முடியவில்லை. விமானத்தை மாற்றினால் நீங்கள் காசு கொடுத்து எடுத்த சீட் எண் சத்தமில்லாமல் காணாமல் போகும். ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், செக்-இன் திறக்கும் 24 அல்லது 48 மணி நேரம் முன்பும் புக்கிங்கைத் திறந்து பாருங்கள். அம்மா அப்பாவுக்கு வெவ்வேறு வரிசை விழுந்திருந்தால் உடனே போன் செய்யுங்கள். விமான நிலையக் கவுன்டரில் கேட்கும் நேரத்தில் நல்ல சீட்டுகள் பெரும்பாலும் போயிருக்கும்.