லீவு பிள்ளைக்கா, எனக்கா?

சிங்கப்பூரில் ஜூன் பள்ளி விடுமுறை நான்கு வாரம். கைவேலைப் பயிலரங்கு, கதை நேரம், பறை வகுப்பு என்று சமூக மன்ற நிகழ்ச்சிகளின் போஸ்டர்கள் வாட்ஸ்அப்பில் வந்து குவிகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் நேரத்தைப் பாருங்கள்: புதன்கிழமை காலை 10 மணி. 'பெற்றோர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.' விடுமுறை பிள்ளைக்குத்தானே, என் அலுவலகத்துக்கா?

சரி, லீவு போட்டாவது கூட்டிப்போகலாம் என்றால் பதிவு செய்ய வேண்டும். போஸ்டர் மூலையில் ஒரு கியூஆர் கோடு. படம் இருப்பதே என் கைப்பேசியில்தான். அதை எதைக் கொண்டு ஸ்கேன் செய்வது? மாமியாரின் போனைக் கெஞ்சி வாங்கி ஸ்கேன் செய்தால், 'இடங்கள் நிரம்பிவிட்டன'. அதன் கீழேயே இணைப்பையும் போட்டு அனுப்பினால் கை தேய்ந்துவிடுமா?

ஏப்ரல் இதற்கு மேல். 2007 முதல் ஆண்டுதோறும் தமிழ்மொழி விழா நடக்கும் மாதம். பேச்சுப்போட்டி, நாடகம், வினாடி வினா எல்லாம் சனி, ஞாயிறில்தான் வந்து முட்டிக்கொள்ளும். ஒன்று வடக்கே உட்லண்ட்ஸில், இன்னொன்று கிழக்கே பிடோக்கில், இரண்டும் மதியம் 2 மணிக்கு. நடுவில் டியூஷன் வேறு. ஏற்பாட்டாளர்கள் தங்களுக்குள் ஒரு போன் போட்டுப் பேசிக்கொள்ளவே மாட்டார்களா?