தரைக்குக் கீழேதான் விஷயமே!

பிரான்ஸின் செயின்ட் எமிலியோன் கிராமத்தைப் பற்றிய உங்கள் கட்டுரை முழுக்க ஒயின் ருசியாகவே இருக்கிறது. சரி, ஊர் பிழைப்பதே அதில்தானே. ஆனால் அங்குள்ள தேவாலயத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே! கட்டியது அல்ல, சுண்ணாம்புப் பாறையைக் குடைந்தே செதுக்கியது. நம் குடைவரைகளைப் போல. வயது சுமார் 900 ஆண்டுகள். பாறைக்கு மேலே நிற்கும் மணிக்கோபுரத்தின் பாரத்தைத் தாங்க, உள்ளே தூண்களுக்கு இரும்புக் கச்சை கட்டியிருக்கிறார்கள். பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்.

அப்புறம், வீடு கட்டக் கல் வெட்டிய சுரங்கங்கள்தான் பின்னாளில் ஒயின் நிலவறைகள் ஆயின. 1999இல் யுனெஸ்கோ ஊரை மட்டுமல்ல, சுற்றியுள்ள திராட்சைத் தோட்டங்களையும் சேர்த்தே பாரம்பரியப் பட்டியலில் வைத்தது.