ரிமோட் யாருக்காக?

வெளிநாட்டுப் பிள்ளைகள் காசு அனுப்பி வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் ரிவி யாழ்ப்பாணத்தில் இன்று பல வீட்டு ஹோல்களில் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இணையமும் இருக்கிறது. ஆனால் பார்ப்பதென்னவோ, முதல் பக்கத்தில் அது எதைத் தூக்கிப் போடுகிறதோ அதைத்தான். இதற்குக் காரணம் நம் சோம்பல் அல்ல, ரிமோட்தான் என்பது என் கட்சி. கணினிக்கு இருப்பதுபோல ரிவிக்கும் ஒரு சாவிப்பலகை (கீபோர்ட்) வேண்டும்.

ரிமோட்டில் ஒரு சொல்லை எழுதிப் பாருங்கள். அம்புக்குறியை வலப்பக்கம் தள்ளி, கீழே இறக்கி, கொஞ்சம் கூட அழுத்தினால் வேண்டிய எழுத்தைத் தாண்டிப் போய்விடும். பிறகு திரும்பி வரவேண்டும். ஆங்கில எழுத்தில் 'நல்லூர்' என்று அடித்து முடிப்பதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிடும். அதே ரிமோட்டில் கட்டணச் சேவைகளுக்கு மட்டும் பெயர் பொறித்த தனிப் பொத்தான்கள்! ஒரே அழுத்தில் திறக்கும். அந்த இடத்துக்காக நிறுவனங்கள் ரிவி தயாரிப்பாளர்களுக்குக் காசு கொடுக்கின்றன. நாம் தேடுவது கடினமாகவும் அவர்கள் விற்பது சுலபமாகவும் இருப்பது தற்செயலா?

ஹோலில் சாவிப்பலகை எடுபடாது என்பவர்கள் 2010ஐக் காட்டுவார்கள். அந்த ஆண்டு அமெரிக்காவில், ரிவியில் இணையத்தைத் திறக்கும் கூகுள் ரிவி அறிமுகமானபோது, அதற்காக லொஜிடெக் நிறுவனம் விற்ற ரெவ்யூ என்ற பெட்டியுடன் முழுச் சாவிப்பலகையே கொடுத்தார்கள். விலை 299 டொலர். அடுத்த ஆண்டே 99க்கு இறக்கினார்கள். தோற்றது உண்மை. ஆனால் ஏபிசி, சிபிஎஸ், என்பிசி ஆகிய பெரிய அலைவரிசைகள் தங்கள் இணைய நிகழ்ச்சிகள் அதில் ஓடாமல் தடுத்திருந்தன. விரும்பியதைப் பார்க்க முடியாத பெட்டிக்கு அவ்வளவு விலை யார் கொடுப்பார்கள்? பழி மட்டும் சாவிப்பலகையின் தலையில் விழுந்தது.

எங்கள் அம்மா கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், தட்டெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ரிமோட்டைக் கொடுத்தால் "நீயே போடு, பிள்ளை" என்று திருப்பித் தந்துவிடுவார். கம்பியில்லாச் சாவிப்பலகை ஒன்றை மடியில் வைத்ததும் பத்து விரலும் தாமாக இடம் பிடித்தன. கீழே குனிந்து பார்க்கவே இல்லை. ஆங்கிலத் தட்டச்சுப் பொறியின் அதே எழுத்து வரிசைதானே. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சேர்த்து வைத்து 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தை இப்போது தானே திறந்து, பழைய ஈழநாடு பத்திரிகைப் பக்கங்களைப் பெரிதாக்கி வாசிக்கிறார். பேரப்பிள்ளைகள் கார்ட்டூனுக்கு முறை பார்த்துக் காத்திருக்கிறார்கள். எனக்கு இதில் உள்ளூரச் சந்தோஷம்தான்.

"வாயால் கேட்கலாமே" என்பீர்கள். கூகுள் 2017இலேயே இலங்கைத் தமிழையும் குரல் தேடலில் சேர்த்துவிட்டது, நல்ல விடயம். ஆனால் கோயில் ஒலிபெருக்கி அலற, பக்கத்தில் நாலு பேர் கதைத்துக்கொண்டிருக்க, அது யாருடைய பேச்சை எடுத்துக்கொள்ளும்? மூலநோய்க்கு வைத்தியம் தேடுகிறவர், முன்விறாந்தையில் விருந்தாளி இருக்கும்போது அதை உரத்துச் சொல்லவும் வேண்டுமா?

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. சுட்டியைத் (மவுஸ்) தனியே தேடாமல், விரலால் தடவி அம்புக்குறியை நகர்த்தும் தொடுபலகை சேர்ந்த சிறிய சாவிப்பலகையாகப் பாருங்கள். கூட வரும் குட்டி யூஎஸ்பி துண்டை ரிவியின் பின்னால் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் சில ரிவிகள் உலாவியில் மட்டுமே எழுத விடும், மற்றச் செயலிகளில் விடாது. ஆகவே கடைக்குப் போகுமுன், வீட்டு மூலையில் கிடக்கும் பழைய கணினியின் சாவிப்பலகையைச் செருகிப் பாருங்கள். வேண்டிய இடத்தில் எழுத்து விழுந்தால் மட்டும் புதியதற்குக் காசைக் கொடுங்கள்.